பஸ் பாட்டுக்குள் ஒரு மூச்சு

அறுபது வயதுக்கு மேல் என்னைப் பாடகர் என்று ஒரு அம்மா கூப்பிட்டார். எனக்குக் கோபம்தான் வந்தது. நான் கிதார்க்காரன். மேடையில் பாடுகிறவனுக்கு நாலடி தள்ளி நின்று, அவன் முகத்தைப் பார்த்து, தோளைப் பார்த்து, எங்கே ஆரம்பிப்பான் எங்கே நிறுத்துவான் என்று தெரிந்துகொண்டு வாசிக்கிற வேலை என்னுடையது. என் குரல் எப்படிப்பட்டது என்று எனக்குத் தெரியும். சர்ச்சில் வாயைத் திறந்தால் முன் பெஞ்சுக்காரர் திரும்பிப் பார்ப்பார்.

ஆனாலும் பாடினேன். நாலு பாட்டு வைத்த சின்ன ரெக்கார்டு ஒன்று வந்திருக்கிறது. போனில் தட்டினால் கேட்கலாம். ஒரு டீயை ஆற அமரக் குடித்து முடிப்பதற்குள் முழுசும் ஓடிவிடும். கேட்டவர்கள் கொஞ்சம் பேர்தான். அவர்களில் பாதிப் பேர் ஒரே கேள்வியைக் கேட்கிறார்கள். மூன்றாவது பாட்டின் நடுவில் எல்லாச் சத்தமும் நின்று, யாரோ பல்லிடுக்கில் மூச்சு இழுப்பது மட்டும் கேட்கிறதே, அதை ஏன் அழிக்கவில்லை என்கிறார்கள். என் மகன் அது தப்பு என்றே தீர்ப்புச் சொல்லிவிட்டான். அவனுக்கு நான் பதில் சொல்லவில்லை. சொல்லத் தொடங்கினால் நைனாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

எங்கள் பக்கத்தில் யாரை வேண்டுமானாலும் நைனா என்று கூப்பிடுவார்கள். டீக்கடைக்காரர் நைனா, கண்டக்டர் நைனா, பெற்ற மகனும் நைனா. எங்கள் பேண்டில் மட்டும் நைனா என்றால் ஒரே ஆள், எங்கள் பாடகன். கும்மிடிப்பூண்டியில் ஒரு ரோலிங் மில்லில் பர்னஸ் உலை முன்னால் நிற்கிற வேலை அவனுக்கு. பழுத்த இரும்பைக் குறடால் இழுத்து உருளைக்குக் கொடுக்க வேண்டும். நான் பக்கத்துக் கம்பெனியில் எலெக்ட்ரிகல் மெயின்டனன்ஸ் பார்த்தேன். எங்கள் இரண்டு பேருடைய அப்பாக்களும் அடுத்தவர் நிலத்தில் அறுப்புக்குப் போனவர்கள். இண்டஸ்ட்ரியல் எஸ்டேட் வந்தது, நாங்கள் யூனிபார்ம் மாட்டினோம்.

எனக்குக் கிதார் சர்ச்சில் கிடைத்தது. கொயரில் வாசித்தேன். ரொம்பச் சத்தமாக வாசிக்கிறேன் என்று நாசூக்காக அனுப்பிவைத்தார்கள். நைனாவுக்கு இங்கிலீஷ் ஒரு எழுத்து தெரியாது, ஆனால் கேசட்டில் கேட்ட ராக் பாட்டைக் கேட்ட மாதிரியே அடித்தொண்டையில் பாடுவான். சென்னையில் ஒரு காலேஜ் விழாவில் அதைக் கேட்டுப் பிள்ளைகள் சிரித்தார்கள். அன்றைக்கே ரயிலில் திரும்பினோம். கும்மிடிப்பூண்டியில் இறங்கும்போது நைனா, இனிமேல் நம்ம பாஷையிலேயே நம்ம பாட்டையே பாடலாம் என்றான். அடுத்த வருஷம் அதே காலேஜில் பாடினோம். யாரும் சிரிக்கவில்லை. ஒரு பையன் மட்டும் நாற்காலியை உடைத்தான். அதை நாங்கள் பாராட்டாக எடுத்துக்கொண்டோம்.

அவன் மூச்சு வாங்குகிற விதத்தை இங்கே சொல்லியாக வேண்டும். பர்னஸ் கதவு திறந்ததும் அனலுக்கு முகத்தை நேராகக் கொடுத்து மூச்சு வாங்க முடியாது. முகத்தை ஒரு பக்கம் திருப்பி, பல்லைச் சேர்த்து, விசுக்கென்று காற்றை இழுத்து, அதை உள்ளே பிடித்துக்கொண்டு அனல் பக்கம் திரும்புவார்கள். வாயைத் திறந்து இழுத்தால் தொண்டை எரியும். நைனா மைக் முன்னாலும் அப்படியே செய்தான். பெரிய அடி வரப்போகிறது என்றால் முகம் வலது பக்கம் திரும்பும், பல்லிடுக்கில் சர்ரென்று ஒரு இழுப்பு, கடைசியில் ஒரு சின்ன விக்கல் மாதிரி. நான் கம்பியைத் தட்டுவது அதைப் பார்த்துத்தான். எங்கள் பேண்டில் ஒன்று, இரண்டு, மூன்று என்று யாரும் எண்ணியதே கிடையாது.

ஒரு நாள் காலையில் நைனா ஷிப்டுக்கு என்று சொல்லி வீட்டை விட்டுக் கிளம்பினான். மில்லுக்குப் போய்ச் சேரவில்லை. பைக் கும்மிடிப்பூண்டி ஸ்டேஷன் ஸ்டாண்டில் பூட்டி நின்றது. அந்த லைனில் ஒரு பக்கம் போனால் சென்னை, இன்னொரு பக்கம் போனால் ஆந்திரா. எந்தப் பக்கம் ஏறினான் என்றுகூடத் தெரியாது. ஏறினானா என்பதும் தெரியாது. சூளூர்ப்பேட்டை, நாயுடுப்பேட்டை என்று போட்டோவை எடுத்துக்கொண்டு அலைந்தோம். ஆஸ்பத்திரி, பிணவறை எல்லாம் பார்த்தோம். போலீஸ் ஸ்டேஷனில் புகார் கொடுத்தோம். குடி கிடையாது, சண்டை கிடையாது, முந்தின நாள்கூடச் சிரித்துக்கொண்டு கறிக்குழம்பு சாப்பிட்டிருக்கிறான். பத்துப் பன்னிரண்டு வருஷம் ஓடிவிட்டது.

செத்தவனுக்காக அழலாம். ஓடிப்போனவனை நாலு வார்த்தை திட்டித் தீர்த்துக்கொள்ளலாம். இவனை என்ன செய்வது? அழுதால் அவன் மனைவி என்னை முறைப்பாள். திட்டினால் எனக்கே நாக்கு கூசும். நான் கிதாரைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிட்டேன். டிரம்ஸ்காரர் ஓசூருக்கு மகள் வீட்டோடு போய்விட்டார், பேஸ் வாசித்தவரைச் சர்க்கரை கொண்டுபோனது. பேண்ட் முடிந்தது என்று யாரும் அறிவிக்கவில்லை. கூடுவதை நிறுத்திவிட்டோம், அவ்வளவுதான்.

என்னைப் பாடகர் என்று கூப்பிட்ட அம்மாவை நான் பாட்டுக்காரம்மா என்பேன். நாற்பதைத் தாண்டியவர். மணவாள நகரில் ஒரு சிக்கன் பக்கோடா கடைக்கு மேலே ஒற்றை அறையை நடுவில் கண்ணாடி வைத்துத் தடுத்து ஸ்டுடியோ வைத்திருக்கிறார். அவரே எழுதுவார், மெட்டுப் போடுவார், கம்ப்யூட்டரில் வாத்தியம் சேர்ப்பார், பதிவு செய்து முடித்து வெளியிடுவதும் அவர்தான். சுவரெல்லாம் கல்யாண மண்டபத்தில் கழித்துவிட்ட கம்பளம். எவ்வளவு ஒட்டினாலும் திருவள்ளூர் ரயில் சத்தத்தை அந்தக் கம்பளத்தால் நிறுத்த முடியவில்லை. இரண்டு ரயிலுக்கு நடுவில் கிடைக்கிற நேரத்தில்தான் பாட வேண்டும்.

சின்ன வயதில் அவர் எங்களைக் கேட்டிருக்கிறாராம். காக்களூரில் அவருடைய அப்பா வேலை பார்த்த கம்பெனியில் ஆயுத பூஜைக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். சினிமாப் பாட்டு வாசிப்போம் என்று எதிர்பார்த்தார்கள். நாங்கள் எங்கள் பாட்டை எடுத்துவிட்டோம். மூன்றாவது பாட்டில் மேனேஜர் போய் மெயினை இறக்கிவிட்டார். கரண்ட் போன பிறகும் நைனா மைக் இல்லாமலே அந்தப் பாட்டைப் பாடி முடித்தான். பொரி வாங்க வந்து நின்ற அந்தப் பெண்ணுக்கு அது மறக்கவில்லை. இப்போது என் வீட்டைக் கண்டுபிடித்து வந்து உட்கார்ந்துகொண்டு, நான் எழுதுகிறேன், நீங்கள் வாசித்துப் பாடுங்கள், பெரிசாக ஒன்றும் வேண்டாம், நாலே பாட்டுப் போதும் என்றார். அன்றைக்குப் பாடியவன் நான் இல்லையம்மா என்றேன். அது தெரியும் என்றார். தெரிந்தும் கேட்கிறாரே என்றுதான் என் கோபம். கோபத்தோடேயே கட்டிலுக்கு அடியில் குனிந்து கிதாரை இழுத்துத் தூசு தட்டினேன். என் வீட்டுக்காரி அதைப் பார்த்துச் சிரித்தாள்.

பாட்டுக்காரம்மாவின் பிழைப்பு மூன்று வகை. ஆடிக்கு அம்மன் பாட்டு. டிசம்பருக்கு இயேசு பாட்டு. வருஷம் பூராவும் இறந்தவர்களுக்குப் பாட்டு. கடைசி வகைதான் அவர் வீட்டில் அடுப்பெரிய வைக்கிறது. எங்கள் பக்கத்தில் பதினாறாம் நாளுக்கோ வருஷ நினைவுக்கோ பேனர் கட்டி, ஸ்பீக்கர் பெட்டி வைத்து, இறந்தவர் பேரில் ஒரு பாட்டுப் போடுவார்கள். வருகிறவர்களுக்கெல்லாம் புதுசாக எழுதிக்கொண்டிருக்க முடியாது. அதனால் அப்பாவுக்கு ஒன்று, அம்மாவுக்கு ஒன்று, வண்டியில் அடிபட்ட வயசுப் பையனுக்கு ஒன்று என்று சில பாட்டுகளைத் தயாராக வைத்திருப்பார். எல்லாவற்றிலும் இரண்டாவது அடி முடிந்ததும் பாட்டு நிற்கும், தாளமும் நிற்கும். நாலு தட்டு அளவுக்கு இடம் காலியாக இருக்கும். குடும்பத்தில் ஒருவர் வந்து மைக்கில் இறந்தவர் பெயரைச் சொல்வார். அதை வெட்டி அங்கே ஒட்டுவார். பெயர் சின்னதாக இருந்தால் பின்னால் அப்பா, அண்ணன் என்று எதையாவது சேர்த்து நிரப்பிக்கொள்வார். அந்த இடத்தைப் பேரெடம் என்று சொல்வார்.

அந்தப் பாட்டைக் கேட்காத தெரு எங்கள் ஜில்லாவில் இருக்காது. பாட்டு சட்டென்று நின்று, அந்த வெறுமையில் ஒரு பெயர் விழுந்தால், பெயருக்குரியவர் போய்விட்டார் என்று சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

எனக்காக எழுதிய நாலு பாட்டையும் முதல் தடவை பாட்டுக்காரம்மா பாடிக் காட்டினார். ஒன்று கொடியில் காயும் துணியில் விழுகிற கரியைப் பற்றி. இன்னொன்று கன்டெய்னர் லாரிக்காரருடைய தூக்கத்தைப் பற்றி. மூன்றாவது ஷிப்ட் பஸ். நாலாவதில் காதல் மாதிரி ஏதோ இருந்தது, அதை நான் கண்டுகொள்ளவில்லை. வார்த்தைகள் நன்றாக இருந்தன. ஆனால் நாலு பாட்டிலும் இரண்டாவது அடி முடிந்ததும் நாலு தட்டு பள்ளம். எனக்குச் சுருக்கென்றது.

“நான் இன்னும் சாவலம்மா,” என்றேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். அப்புறம் ஒவ்வொரு பாட்டாகப் போட்டுப் பார்த்து முகம் மாறிப்போனார். அவருக்கே அது தெரியவில்லை. இத்தனை வருஷமாகச் செத்தவர்களுக்கு இடம் விட்டு விட்டு, உயிரோடு இருக்கிறவனுக்கு எழுதும்போதும் கை தானாக இடம் விட்டிருக்கிறது. அன்றைக்கே உட்கார்ந்து மூன்று பாட்டில் வார்த்தை போட்டு அடைத்தார். பஸ் பாட்டில் மட்டும் அடைக்க முடியவில்லை. ‘பஸ்ஸு வந்து நின்னாச்சு, எறங்கினது யாரு’ என்று ஒரு அடி. அதற்குப் பிறகு பள்ளம். அப்புறம் ‘ஜன்னலோரம் எடமிருக்கு, ஏறிக்க நீ’ என்று அடுத்த அடி. நடுவில் எதைப் போட்டாலும் கேவலமாக இருந்தது. இருக்கட்டும், காலியாகவே பாடுங்கள் என்றார்.

என் பக்கத்திலும் கோளாறு இருந்தது. ஒவ்வொரு அடியையும் நான் தாமதமாகத்தான் எடுத்தேன். கிதாரைத் தட்டிவிட்டுக் காத்திருப்பேன். யாரோ பாடப்போகிறார்கள் என்று காத்திருப்பேன். அப்புறம்தான் பாட வேண்டியவன் நான் என்று உறைக்கும். கண் வேறு, மேடையில் நைனா நிற்கிற இடது பக்கம் போய்க்கொண்டே இருந்தது. அந்தப் பக்கம் சுவரும் கம்பளமும்தான். பாட்டுக்காரம்மா கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து பொறுமையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரைப் பார்க்கிறீர்கள் என்று கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்திருக்கும்.

பஸ் பாட்டைப் பதிவு செய்த அன்று மத்தியானம். ரயில் ஒன்று போய்த் தொலைந்ததும் பாடினேன். ஒரே மூச்சில் சரியாக வந்துவிட்டது. எனக்கே ஆச்சரியம். வெளியே வந்து ஹெட்போனை மாட்டிக்கொண்டு கேட்க உட்கார்ந்தேன். எறங்கினது யாரு என்று என் கரகரப்பு முடிந்தது. கிதார் அடங்கியது. பள்ளம் வந்தது. அந்தப் பள்ளத்துக்குள் நைனா மூச்சு வாங்கினான்.

வேறு எப்படிச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. பல்லிடுக்கில் சர்ரென்று ஒரு இழுப்பு. கடைசியில் அந்த விக்கல். இன்னொரு தடவை போடச் சொன்னேன். போட்டார். அப்படியே இருந்தது. ஏதோ சத்தம் விழுந்திருக்கிறது, துடைத்துவிடட்டுமா என்று அவர் மவுஸை நகர்த்தினார். அவர் கையைப் பிடித்து நிறுத்திவிட்டேன். அப்புறம் ஹெட்போனைக் கழற்றிப் போட்டுவிட்டுப் படியிறங்கிப் போய்ப் பக்கோடா கடை முன்னால் நின்றேன். கடைக்காரர் என் முகத்தைப் பார்த்துவிட்டு ஸ்டூலை எடுத்துப் போட்டார்.

திரும்பி மேலே போனபோது பாட்டுக்காரம்மா நிதானமாக இருந்தார். நைனா மூச்சு வாங்குகிற விதத்தைச் சொன்னேன். கேட்டுவிட்டு, மைக் முன்னால் நீங்கள் ஒருத்தர்தான் இருந்தீர்கள், கதவு சாத்தியிருந்தது, அது உங்கள் மூச்சுதான் என்றார். நான் வாதாடினேன். நான் பர்னஸ் பக்கம் போனவனே இல்லை. நான் ஒயரும் பியூஸும் பார்த்தவன். சாதாரண மனுஷன் மாதிரி மூக்கால்தான் மூச்சு விடுகிறேன் என்றேன். சரி, இன்னொரு தடவை பாடுங்கள் என்று சொல்லி, போனைக் கண்ணாடியில் சாய்த்து வைத்து வீடியோ எடுத்தார்.

அந்த வீடியோவைப் பார்த்தேன். எறங்கினது யாரு என்று பாடி முடிக்கிறேன். முகம் வலது பக்கம் திரும்புகிறது. தாடை இறுகுகிறது. பல்லைச் சேர்த்து மூச்சை இழுத்து, அனலைப் பார்க்கிறவன் மாதிரி கண்ணைச் சுருக்கி மைக்கின் பக்கம் திரும்புகிறேன். அப்படிச் செய்ததே எனக்குத் தெரியாது. என் நரைத்த மீசைக்கு மேலே இருந்தது அவன் முகம். எனக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருஷம் அவன் மூச்சையே பார்த்து வாசித்ததில் உடம்பு அதைப் பிடித்துக்கொண்டிருக்கும், பாட வேண்டிய இடம் வந்ததும் வெளியே விட்டிருக்கும். பகலில் நான் அப்படித்தான் எனக்குச் சொல்லிக்கொள்கிறேன்.

பாட்டுக்காரம்மா வீடியோவை நிறுத்தினார்.

“அண்ணா, இது அவருக்குன்னு தானா வந்து நிக்குது. பேர போட்ருலாமா?” என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. அவருக்குத் தெரிந்த பெரிய மரியாதை அதுதான். ஆனால் அந்த இடத்தில் ஒரு பெயர் விழுந்தால் என்ன அர்த்தம் என்று எங்கள் ஊருக்கே தெரியும். நைனா செத்துவிட்டான் என்று இதுவரை யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை. போலீஸ் சொல்லவில்லை, அவனுடைய அண்ணன் தம்பிகள் சொல்லவில்லை, நான் சொல்லவில்லை. ஒரு பாட்டில் போய் நான் சொல்லிவிடுவதா? அதற்கு உரிமை உள்ளவள் ஒருத்திதான், அவளைக் கேட்க வேண்டும் என்றேன்.

நைனாவின் மனைவியை நான் தங்கச்சி என்றுதான் கூப்பிடுவேன். அவன் போன பிறகு அவள் தன் அம்மா வீடு இருக்கிற பெரியபாளையத்துக்கே வந்துவிட்டாள். கோயிலுக்குப் போகிற வழியில் கடை. வேண்டுதலுக்கு உடுத்துகிற வேப்பஞ்சேலை கட்டிக் கொடுப்பாள். மஞ்சள், குங்குமம், தேங்காயும் உண்டு. நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் பூ, கழுத்தில் தாலி. எதையும் அவள் விடவில்லை. முதல் சில வருஷம் சொந்தக்காரர்கள் கண்ணாலேயே கேட்டார்கள். அவளும் கண்ணாலேயே பதில் சொன்னாள். அப்புறம் பழகிவிட்டது.

நான் போனபோது உட்கார்ந்து வேப்பிலையை நூலில் கட்டிக்கொண்டிருந்தாள். பாட்டு ஒன்று பாடியிருக்கிறேன், கேளு என்றேன். நீங்களா பாடினீங்க என்று சிரித்தாள். கையைத் துடைத்துக்கொண்டு இயர்போனை மாட்டிக்கொண்டாள். பாட்டை அவள் கேட்டு முடித்த பிறகு பெயர் விஷயத்தைச் சொல்லலாம் என்று நினைத்தேன். அதுதான் நான் செய்த பெரிய முட்டாள்தனம்.

பாட்டு ஓடியது. தலையை லேசாக ஆட்டிக்கொண்டிருந்தாள். ஒரு இடத்தில் ஆட்டம் நின்றது. அது எந்த இடம் என்று பார்க்காமலே எனக்குத் தெரிந்தது. போனை என் கையிலிருந்து வாங்கி, பின்னால் தள்ளி, அதையே கேட்டாள். மறுபடியும் கேட்டாள். இயர்போனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு என்னை நேராகப் பார்த்தாள்.

“எப்பண்ணா வந்தாரு?”

எனக்குப் புரியவில்லை. அப்புறம் புரிந்தது. இது புதுப் பாட்டு. நைனா வீட்டில் இருந்த காலத்தில் இந்தப் பாட்டே கிடையாது. இதற்குள் அவன் மூச்சு இருக்கிறது என்றால், அவன் சமீபத்தில் வந்திருக்கிறான், என்னோடு நின்று பாடியிருக்கிறான், நான் அதை மறைக்கிறேன். அவள் கணக்கில் ஒரு பிசகும் இல்லை. அவன் பக்கத்தில் படுத்து அத்தனை வருஷம் அந்த மூச்சைக் கேட்டவள் அவள். முகம் சிவந்துபோயிருந்தது. கோபமா சந்தோஷமா என்று எனக்குப் பிடிபடவில்லை. அவரு என்னப் பாக்க வேணான்னு சொன்னாரா, அதான் சொல்ல மாட்றீங்களா என்று கேட்டாள்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அறைக்குள் நான் ஒருவன்தான் இருந்தேன் என்றேன். பாட்டுக்காரம்மா எடுத்த வீடியோவையும் போட்டுக் காட்டினேன். அவள் வீடியோவை முழுதாகப் பார்த்தாள். ஒரு பக்தர் வந்து தேங்காய் விலை கேட்டார், அவருக்குப் பதில் சொல்லவில்லை, அவர் அடுத்த கடைக்குப் போனார்.

“நீங்க பர்னஸ்ல வேல செஞ்சதே இல்லியேண்ணா,” என்றாள்.

இல்லை என்றேன்.

“அப்ப அது எப்டி உங்க மூச்சாவும்?”

நானே இரவில் அதைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தேன். அவள் மறுபடியும் இலையை எடுத்துக் கட்ட ஆரம்பித்தாள். கட்டிக்கொண்டே சொன்னாள். அவன் காணாமல் போன வாரமே அம்மனிடம் வேண்டிக்கொண்டிருக்கிறாள். அவன் வந்துவிட்டால் தாலியைக் கழற்றி உண்டியலில் போட்டுவிடுகிறேன் என்று. பெரியபாளையத்தில் இது வழக்கம்தான். புருஷன் சாகக் கிடந்து பிழைத்தால், பொண்டாட்டி தாலியை அம்மனுக்குக் கொடுத்துவிடுவாள். அவன் அங்கேயே புதுசு கட்டுவான். ஆடி மாசம் உண்டியல் திறந்தால் தாலியாகக் கொட்டும் என்பார்கள்.

பெயர் விஷயத்தை நான் கேட்டேன். பேர் போட்டால் செத்தவங்க பாட்டாயிடும், போடாதீர்கள் என்றாள். அந்த மூச்சைத் துடைக்கவும் கூடாது என்றாள். பாட்டுக்காரம்மாவிடம் அப்படியே சொன்னேன். அவரும் ஒன்றும் கேட்காமல் அப்படியே விட்டுவிட்டார். அதனால்தான் அது அங்கே இருக்கிறது. என் மகனுக்கு இது போதுமா என்று தெரியவில்லை.

அன்று கடையிலிருந்து நான் கிளம்பும்போது தங்கச்சி, வேண்டுதல முடிக்கணும், கோயிலுக்குக் கூட வர்றீங்களாண்ணா என்றாள். ஆடிக் கூட்டமெல்லாம் வடிந்த பிறகு ஒரு புதன்கிழமை போனோம். சர்ச்சுக்குப் போகிற ஆள் நான். வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றேன். அவள் மஞ்சள் சேலை உடுத்தியிருந்தாள். வழியெல்லாம் நான் ஒன்றைச் சொல்லிவிட நினைத்தேன். அது என் மூச்சுதான், தங்கச்சி, வேண்டாம், இரு, இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாம் என்று. சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் எதை நம்பச் சொல்கிறேன்? அவன் வரவில்லை என்றா, வருவான் என்றா?

உண்டியல் முன்னால் நின்று தாலிக்கயிற்றைத் தலைவழியாகக் கழற்றினாள். கயிறு பின்னலில் மாட்டிக்கொண்டது, பொறுமையாக எடுத்துவிட்டாள். கண்ணில் ஒற்றிக்கொண்டு உள்ளே போட்டாள். விழுந்த சத்தம்கூடக் கேட்கவில்லை. பின்னால் நின்ற ஒரு வயசான அம்மா பூரித்துப்போய் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். முன்பின் தெரியாதவர்தான். அந்த இடத்தில் யாரும் அப்படித்தான் சந்தோஷப்படுவார்கள்.

“ஊட்டுக்காரரு பொழச்சிக்கினாராம்மா?”

“ஆமாங்க்கா. வந்துட்டாரு.”

அந்த அம்மா என் பக்கம் திரும்பினார். என்னை மேலும் கீழும் பார்த்து, உடம்பு தேறிவிட்டதா என்பது மாதிரி தலையாட்டினார். மஞ்சக்கயிறு வாங்கினு வந்தியாப்பா, சட்டுனு கட்டு, வெறுங்கழுத்தோட வெளில போவக் கூடாது என்று அதட்டினார். என் சட்டைப் பையில் கயிறு இருக்கிறதா என்று ஒரு நொடி நானே தேடப் போய்விட்டேன்.

தங்கச்சி அந்த அம்மாவின் கையைத் தட்டிக் கொடுத்தாள்.

“இவரு எங்க அண்ணன்க்கா. அவரு வெளில நிக்கிறாரு.”

சொல்லிவிட்டுக் குங்குமம் வாங்க முன்னால் நகர்ந்து போய்விட்டாள். அந்த அம்மா எட்டி வாசலைப் பார்த்தார். நானும் பார்த்தேன். வாசலில் நிறைய ஆண்கள் நின்றிருந்தார்கள். மொட்டையடித்துச் சந்தனம் பூசியவர்கள், பிள்ளையைத் தோளில் வைத்திருந்தவர்கள், செருப்பைத் தேடிக்கொண்டிருந்தவர்கள். ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தேன். அவர்களில் ஒருவர் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டு நின்றார். அவர் திரும்பும்வரை நான் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.